பாதிப் பசையோடு விட்டோம்

முயலின் ரோமத்தில் பசை ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் மண்ணெண்ணெய்தான். கையில் பெயின்ட் பட்டாலும் அதுதான், சைக்கிள் செயின் கிரீஸ் வேட்டியில் பட்டாலும் அதுதான், ஒரு காலத்தில் பிள்ளைகள் தலையில் பேன் என்றால்கூட அதுதான். ரேஷனில் மண்ணெண்ணெய் அருகிப்போன பிறகு அந்த இடத்துக்கு பைக் பெட்ரோலும் தின்னரும் வந்திருக்கின்றன. இரண்டாவது பதில், "நல்லா சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி விடு" என்பது. போன தை மாதம் எங்கள் வீட்டு முயல் எலிப் பசையில் மாட்டிக்கொண்டபோது, வாசலில் கூடிய எல்லோரும் இந்த இரண்டையும்தான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அக்கறையோடு சொன்னவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டில் எதைச் செய்திருந்தாலும் அந்த முயல் பிழைத்திருக்குமா என்பது சந்தேகம். இவற்றைவிட என் மனதை விட்டுப் போகாதது அன்றைக்கு ராத்திரி ஒரு பெரியம்மா கேட்டதுதான். பாதிப் பசையை எடுத்துவிட்டு மீதியை அப்படியே விட்டு நாங்கள் எழுந்தபோது, "ஆரம்பிச்ச வேலைய முடிக்க வேணாமா புள்ள? இப்படி அழுக்கோடயா விடுவாங்க?" என்றார். அன்று அவருக்கு நிதானமாகப் பதில் சொல்ல நேரமில்லை. அதன் பிறகு பல பேர் அதையே வேறு வேறு விதமாகக் கேட்டுவிட்டார்கள். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம், காவிரியின் கிளையான குடமுருட்டி ஆற்றங்கரையில். அண்ணன் வீடு பழைய ஓட்டு வீடு. கூடம், முற்றம், கொல்லையில் மாட்டுக் கொட்டகை. கூடத்து மூலையில் நெல் கொட்டிவைக்கும் தாத்தா காலத்துப் பத்தாயம் ஒன்று இன்னும் நிற்கிறது. சம்பா அறுத்து வயல் காலியானதும் எலிகள் வரப்பை விட்டு வீட்டுப் பக்கம் திரும்பும். விதை நெல் மூட்டையும் பத்தாயமும் இருக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம். அண்ணன் மளிகைக் கடையில் எலி ஒட்டும் பசை அட்டை வாங்கி வந்து பத்தாயத்துக்கு அடியில் விரித்து, முன்னால் ஒரு பலகையையும் சாத்தியிருந்தார். முயலின் பெயர் பொரி. வெள்ளை நிறம், காது மட்டும் லேசான சாம்பல். அண்ணன் மகள் எட்டாவது படிக்கிறாள்; அது அவளுடைய முயல். அருகம்புல்லும் கல்யாண முருங்கைத் தழையும் வேலிமசாலும் பறித்துப் போடுவது அவள் வேலை. சாயங்காலம் கூண்டைத் திறந்துவிட்டால் கூடத்தில் ஓடித் திரியும். இடுக்கைக் கண்டால் நுழைந்து பார்க்காமல் முயலால் இருக்க முடியாது, வளையில் வாழ்ந்த ஜாதி. பலகையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"அத்தை!" என்று அவள் போட்ட சத்தத்தில்தான் ஓடினோம். முயலிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வலது பின்னங்கால் பாதம், தொடை, வயிற்றோரம், வாலின் அடி எல்லாம் அட்டையோடு அட்டையாக ஒட்டிக் கிடந்தது. அது ஒரு முறை உதறியபோது அட்டையும் சேர்ந்து எழும்பி, இடுப்பு ரோமத்திலும் அறைந்து ஒட்டிக்கொண்டது. அண்ணன் அட்டையைப் பிடித்து இழுக்கக் குனிந்தார். அம்மாதான் அவர் கையைத் தட்டிவிட்டு, "தோலு கையோட வந்துடும்டா" என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. முயலின் தோல் நாய், பூனையின் தோலைவிட மெல்லியது, சீக்கிரம் கிழியும். ரோமத்தை ஒரு கொத்தாகப் பிடித்து இழுத்தால் பசை விடுவதற்கு முன்னால் தோல் விட்டுவிடும்.

மண்ணெண்ணெயும் தண்ணீரும்

எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவருக்கு உடனே போன் செய்தேன். பொழுது சாய்ந்துவிட்டது, பக்கத்துக் கால்நடை மருந்தகம் பூட்டியிருக்கும், ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் காலையில்தான் போக முடியும். அவர் முதலில் கேட்டது, "வாயைத் திறந்து மூச்சு விடுதா?" இல்லை என்றேன். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. வாயைத் திறந்துவிட்டது என்றால் நிலைமை கைமீறுகிறது என்று அர்த்தம். அப்புறம் அவர் சொன்னதெல்லாம் வேண்டாம், வேண்டாம் என்பதுதான். மண்ணெண்ணெய் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், தண்ணீரில் முக்க வேண்டாம், மல்லாக்கப் போட வேண்டாம், கத்தரிக்கோலை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்.

மண்ணெண்ணெய் பசையை இளக்கும் என்பதில் தவறில்லை. ஆனால் அது தோலை எரிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து முயலின் நாக்கு. முயல் தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், ஒரு நாளில் எத்தனையோ தடவை. ரோமத்தில் என்ன பூசினாலும் அது கடைசியில் வயிற்றுக்குத்தான் போகும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது மேலே வராது. மண்ணெண்ணெய் மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்கினால் நுரையீரல் புண்ணாகிவிடும். முயலின் மேல் எதைத் தடவலாம் என்ற கேள்விக்கு ஒரே அளவுகோல்தான்: அதைத் தின்றால் ஒன்றும் ஆகாதா? ஒன்றும் ஆகாது என்றால் மட்டும் தடவலாம்.

தண்ணீர் விஷயத்தை விளங்கவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அப்போது மாட்டுப் பொங்கல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல்தான் மூடுவார்கள் என்பதால் குடமுருட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தெருவே மாட்டை ஓட்டிக்கொண்டு போய் வைக்கோலால் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டி வந்த கை ஈரம் காயாத நேரம். இந்த ஊரில் ஒரு பிராணியிடம் பாசமாக இருப்பது என்றால் அதைக் குளிப்பாட்டுவதுதான். மாடு அதற்குக் கழுத்தை நீட்டிக் கொடுக்கும். எருமைக்குத் தண்ணீரை விட்டு எழுந்து வரவே மனசு வராது. அதனால் "குளிப்பாட்டு" என்று சொன்னவர்கள் தங்களுக்குத் தெரிந்த பாசத்தைத்தான் சொன்னார்கள். ஆனால் வீட்டில் வளர்க்கும் முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து வறண்ட நிலம், மண்ணுக்குள் தோண்டிய வளை. உடம்பு முழுக்க நனைவது அதன் பிழைப்பில் கிடையாது. மேல் ரோமத்துக்கு அடியில் மிக அடர்த்தியான பொடி ரோமம் ஒரு அடுக்கு இருக்கிறது. அது நனைந்தால் காய வெகுநேரம் ஆகும். முயலின் உடல் வெப்பம் 38.5-லிருந்து 40 டிகிரி வரை. தை மாத ராத்திரிப் பனியில் ஈர ரோமத்தோடு விட்டால் அந்தச் சூடு இறங்கிவிடும். இதோடு பயம் வேறு. தண்ணீரில் அமுக்கிப் பிடித்தால் உதைக்கும். முயலின் எலும்புக்கூடு உடல் எடையில் 7, 8 சதவீதம்தான் வரும். பின்னங்கால் தசையோ மகா பலம். பிடித்த பிடியில் ஓங்கி உதைத்துத் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்வது முயல்களுக்கு நடக்கிற விபத்து. இவ்வளவும் பட்டும், எலிப் பசை தண்ணீரில் கரையவும் கரையாது.

பலாப்பழம் அறுத்த கை

"சாப்பிடுற எண்ணெய் எதுனாலும் போதும்" என்று மருத்துவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அம்மா உடனே, "அப்ப பலாப்பழம் அறுக்குற மாதிரிதானே" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து வேலை அவர் கைக்குப் போய்விட்டது. வைகாசி, ஆனியில் பண்ருட்டிப் பழம் லாரியில் வந்து இறங்கியதும் எங்கள் தெருவில் பழம் அறுக்கக் கூப்பிடுவது அம்மாவைத்தான். அரிவாள்மணைக்கும் கைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவார். பால் ஒட்டினாலும் தண்ணீர்ப் பக்கம் போகமாட்டார். இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தேய்ப்பார், பால் உருண்டு உருண்டு வரும், வைக்கோலில் துடைத்துப் போடுவார். எலிப் பசையில் இருப்பதும் பாலிபியூட்டீன், ரோசின் போன்ற சரக்குகள்தான். தண்ணீரோடு சேராது, எண்ணெய் பட்டால் இளகும். பலாப்பாலும் அந்த வகையில் அதே குணம். ஒவ்வொரு கோடையிலும் இது நம் எல்லோர் வீட்டிலும் நடக்கிறது. இருந்தும் ஒரு பிராணியின் மேல் ஒட்டியதும் நமக்கு ஞாபகம் வருவது சமையல் எண்ணெய் இல்லை, மண்ணெண்ணெய். பிராணிக்கு என்று வந்ததும் எதையும் கொஞ்சம் கடுமையாகச் செய்ய வேண்டும் என்ற நினைப்பு நமக்குள் எங்கிருந்து வந்தது என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைந்து கிடந்தது. தை மாதப் பனிக்கு அது அப்படித்தான். நல்லெண்ணெயை எடுத்துக்கொண்டோம். அதற்கு முன்னால் அம்மா செய்த காரியம் ஒன்று உண்டு. அட்டையில் வெறுமையாக இருந்த இடம் முழுக்க அரிசி மாவைத் தூவினார். அதன் பிறகு முயல் எங்கே சாய்ந்தாலும் புதிதாக ஒட்டாது. முயலை என் மடியில் பழைய துண்டைச் சுற்றிக் குப்புற வைத்துக்கொண்டேன். அண்ணன் மகள் அதன் கண்ணை ஒரு கையால் லேசாக மறைத்துக்கொண்டு இன்னொரு கையில் புல்லை வைத்திருந்தாள். அம்மா எண்ணெயை ஊற்றவில்லை. விரல் நுனியில் தொட்டு, பசையின் நடுவில் வைக்காமல் ஓரத்தில், ரோமமும் பசையும் சேர்கிற இடத்தில் வைத்தார். வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். எண்ணெய் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தில் கை அரித்தாலும் தொடக்கூடாது. பிறகு ஐஸ் குச்சியைப் படுக்க வைத்து அட்டைக்கும் ரோமத்துக்கும் நடுவில் மெல்ல நகர்த்தினார். பசை முதலில் கண்ணாடி நூலாக இழுபட்டது. இன்னொரு தொடு எண்ணெய். நூல் அறுந்து கலங்கலானது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஏழெட்டு ரோமத்தை மட்டும் பிடித்து, தோல் பக்கத்தை இடது கையால் அழுத்திக்கொண்டு, நுனியை நோக்கி உருட்டினார். சாம்பல் நிறத்தில் மிளகு அளவு உருண்டை ஒன்று கையோடு வந்தது. அதைப் பழைய வேட்டித் துணியில் துடைத்துவிட்டு அடுத்த ஏழெட்டு ரோமம். அட்டையிலிருந்து முயல் விடுபடுவதற்குள் டிவியில் ஒரு சீரியல் முடிந்து இன்னொன்று தொடங்கிவிட்டது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அட்டை கழன்ற பிறகும் ரோமத்தில் பசை இருந்தது. இடுப்பிலும் வயிற்றோரத்திலும் இருந்ததை இதே மாதிரி எடுத்தோம். எண்ணெய் விட்ட இடத்தை அப்படியே விடக்கூடாது. எண்ணெய் ஊறிய ரோமம் சடையாகும், குளிர் தாங்காது, நிறைய நக்கினால் வயிற்றால் போகும். அதனால் எடுத்து முடித்த இடத்தில் சோள மாவைத் தூவி, விரலால் அளைந்து, எண்ணெயை மாவு குடித்ததும் பேன் சீப்பால் மெல்ல வாரி உதற வேண்டும். திரும்பவும் மாவு, திரும்பவும் சீப்பு. கடைசியில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் அந்த இடத்தை மட்டும் துடைத்து, காய்ந்த துண்டால் ஒற்றினால் போதும். முகத்துக்குப் போடும் பவுடரைப் போட்டுவிட வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

போதும் என்று சொன்ன நேரம்

மிச்சம் இருந்தது இரண்டு இடம். தொடையில் ஐந்து ரூபாய்க் காசு அளவு ஒரு திட்டு, அப்புறம் உள்ளங்கால். கை பழகிவிட்டது, வேலை நன்றாக வந்துகொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் முடித்துவிடலாம். முயல் மடியில் அசையாமல் கிடந்தது. அண்ணன் மகள்தான் சொன்னாள்: "அத்தை, அதுக்கு வலிக்கல போல. எவ்வளவு சமத்தா படுத்திருக்கு பாருங்க." வாசலில் நின்றவர்களும் ஆமாம், சாதுவான பிராணி என்றார்கள்.

அப்போது என் இடது உள்ளங்கை அதன் நெஞ்சுக்கூட்டுக்கு அடியில் இருந்தது. வெளியே எதுவும் அசையவில்லை. உள்ளே அடிப்பு என்று தனித்தனியாக எதுவும் இல்லை, ஒரே அதிர்வு. முயலுக்குச் சாதாரணமாகவே இதயம் நிமிடத்துக்கு 180-லிருந்து 300 வரை அடிக்கும். இது எண்ணவே முடியாத வேகம். காதுகள் முதுகோடு அறைந்து கிடந்தன. கண்ணை மறைத்திருந்த கையை விலக்கிப் பார்த்தேன்; கண் பிதுங்கி ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும் மூக்கு நின்றிருந்தது. சாதுவாக இருப்பதற்கும் பயத்தில் உறைந்துபோவதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எதிரியின் வாயில் அகப்பட்ட முயல் இப்படித்தான் கிடக்கும். மல்லாக்கப் போட்டால் அசையாமல் இருக்கிறது, தூங்கிவிட்டது என்று சொல்லிக் காட்டுகிறார்களே, அதுவும் இந்த நிலைதான்.

அம்மாவும் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பயந்தா ஆடு கத்தும், மாடு முட்டும். இதுக்கு ஒண்ணும் செய்யத் தெரியாது, அதான் கெடக்கு. போதும், விடு" என்றார். கையிலிருந்த ஐஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். தொடையில் மிச்சமிருந்த திட்டின் மேல் சோள மாவைத் தூவி, ஒட்டுதல் போகும்வரை விரலால் அழுத்தினார். உள்ளங்காலிலும் அப்படியே. மாவு மூடிய பசை எதிலும் ஒட்டாது. கூண்டில் புது வைக்கோல் பரப்பி, புல்லும் தண்ணீரும் வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டு இருட்டாக்கினோம்.

அப்போதுதான் அந்தப் பெரியம்மா அழுக்கோடு விடுவார்களா என்று கேட்டார்.

என் பதில் இதுதான், பெரியம்மா. அந்தத் திட்டு அங்கே இருந்ததால் முயலுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. தோலை இழுக்கவில்லை, நடையைத் தடுக்கவில்லை, மாவு போட்டதால் நாக்கிலும் அவ்வளவாக ஏறாது. அதை எடுக்காமல் இருந்தால் கஷ்டம் நம் கண்ணுக்குத்தான். வெள்ளை ரோமத்தில் கறை தெரிந்தால் நம்மால் சும்மா இருக்க முடிவதில்லை. ஆனால் இன்னும் அரை மணி நேரம் அதை மடியில் பிடித்துவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பயந்த முயல் தின்னாது. தின்னாத முயலின் குடல் நின்றுபோகும். முயலின் குடல் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல் கிடந்தால் அது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசரம். பசையை முழுசாக எடுத்து வெள்ளை வெளேரென்று ஆக்கிய முயல் மறுநாள் செத்துக் கிடப்பது நடக்காத காரியமில்லை. எவ்வளவு சுத்தம் என்பதை முயல் தாங்குகிற அளவை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும், கறையின் அளவை வைத்து இல்லை. அம்மாவுக்கு இது படித்துத் தெரிந்ததில்லை. ஆடு, மாடு, கோழி என்று ஒவ்வொன்றின் பயமும் எப்படி இருக்கும் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்தது.

அன்று ராத்திரி கூண்டுப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தோம். வெகுநேரம் கழித்துத்தான் புல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் மகள் எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடிந்ததும் முதலில் புழுக்கையைத்தான் பார்த்தோம். கொஞ்சம் சிறுத்திருந்தாலும் இருந்தது. மருத்துவரிடம் காட்டியபோது தோலில் காயமில்லை, மீதியை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த சில நாட்கள் சாயங்காலம் அது தானாக மடியில் ஏறி உட்காரும்போது மட்டும், ஒரு விரல் எண்ணெய், இரண்டு உருண்டை, அவ்வளவுதான். காதைப் பின்னால் சாய்த்தால் இறக்கிவிட்டுவிடுவோம். தொடையில் கடைசியாக இருந்த கொஞ்சம், ரோமம் உதிர்கிற பருவத்தில் கொத்தாகச் சீப்போடு வந்துவிட்டது. உள்ளங்கால் ரோமத்தை மட்டும் வெட்டவே இல்லை. நாய்க்கும் பூனைக்கும் பாதத்தில் மெத்தை மாதிரி சதை இருக்கும். முயலுக்கு அது கிடையாது, ரோமம்தான் மெத்தை. அதைக் கத்தரித்துவிட்டால் சிமென்ட் தரையில் உட்கார்ந்தே பாதம் புண்ணாகிவிடும்.

இந்தச் செய்தி பரவியதில், முயல் வளர்க்கும் பிள்ளைகள் இப்போது அம்மாவைத் தேடி வருகிறார்கள். அவர்கள் கொண்டுவருவதில் பெரும்பாலும் பசை இருக்காது, பின்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்த புழுக்கை இருக்கும். முயல் இரண்டு விதமாகப் போடும்: ஒன்று உருண்டையான காய்ந்த புழுக்கை, இன்னொன்று மெத்தென்று திராட்சைக் கொத்துப்போல வருவது. இரண்டாவதை அது வாயை வைத்து எடுத்துத் தின்றுவிடும், அது அதற்கு வேண்டிய சத்து. பிஸ்கட், சோறு, வாழைப்பழம், கேரட் என்று பிள்ளைகள் ஆசையாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது இளகிப்போய் ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கேயும் முழுக்குளியல் வேண்டாம். அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்து, உடனே காயவைத்து, தீனியைப் புல்லுக்கு மாற்ற வேண்டும். ஆனால் பசைத் திட்டைப்போல இதை நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈ மொய்க்கிற நாளில் ஒட்டிய இடத்தில் முட்டை வைத்து, ஒரே நாளில் புழு வைத்துவிடும். எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இதில் பாதி வேலை.

எலிக்கு வைத்தது

மறுநாள் காலையில் கொல்லையில் போட்டிருந்த அந்த அட்டையை அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் முயலின் ரோமம் ஒரு விரிப்பாகப் படிந்திருந்தது. மூலையில் ஒரு பல்லியும் செத்து ஒட்டியிருந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் அவர் எடுத்துப்போட்ட அட்டைகளில் எலி, அரணை, ஒரு தடவை அணில் குஞ்சு. "நேத்து இதுக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்ட மாதிரிதானே எலிக்கும் ராத்திரி பூரா அடிச்சுக்கும்" என்றார். நான் சொல்ல நினைத்துக்கொண்டிருந்ததை அவரே சொல்லிவிட்டார். பசை அட்டை எலியைக் கொல்வதில்லை. பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். பசியிலும் தாகத்திலும் மூச்சுத் திணறியும் அது பல மணி நேரம், சில சமயம் நாள் கணக்கில் கிடந்து சாகிறது.

எலியை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நெல் விளைகிற ஊரில் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் எலியோடு மல்லுக்கட்டி வாழ நமக்குப் பழைய வழிகள் இருக்கின்றன. தஞ்சாவூர்க் கிட்டி என்று பேரே வாங்கிய மூங்கில் பொறி இந்த மண்ணில் உண்டானது. கிட்டி வைப்பவர்கள் பொழுது சாய வரப்போரம் வரிசையாக வைத்துவிட்டுப் போய், பிடித்த எலிக் கணக்குக்குக் கூலி வாங்குவார்கள். அதில் மாட்டுகிற எலிக்குக் கழுத்தில் ஒரே அடி, கதை முடிந்துவிடும். வயலில் குறுக்குக் கட்டை வைத்துப் பறவைத் தாங்கி நட்டால் ராத்திரியில் கூகை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கும். வீட்டுக்கு இரும்புக் கம்பிக் கூண்டு இருக்கிறது. பசை அட்டையைத் தடை செய்யும்படி இந்திய விலங்குகள் நல வாரியம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. பிராணியைத் தேவையில்லாமல் வதைப்பது 1960-ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்திலேயே குற்றம். இங்கிலாந்தில் 2022-இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டு, 2024 ஜூலை 31-லிருந்து உரிமம் இல்லாமல் யாரும் எலிக்குப் பசை அட்டை வைக்கக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். எங்கள் தெருவில் அது இன்னும் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறது.

அண்ணன் பத்தாயத்தின் அடி இடுக்கைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார். இப்போது கம்பிக் கூண்டில் கருவாட்டுத் துண்டு வைக்கிறார், எலி விழுகிறது. கடைக்காரரிடம் நானும் அண்ணன் மகளும் போய்ப் பேசினோம். முயலுக்கு நடந்ததை அவள்தான் சொன்னாள், ஒன்று விடாமல். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இருக்கிற சரக்கு தீர்ந்ததும் இனிமேல் எடுக்கவில்லை என்றார். வெள்ளிக்கிழமைதான் அவர் கும்பகோணம் போய்ச் சரக்கு எடுப்பார். சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் அத்தை என்கிறாள்.